தரங்கம்பாடி ஞாயிறு உரைகள்: எல்லாமே 'முதல்'தானா?

கேள்வி (பொறையாற்று வாசகர் ஒருவர், ஏப்ரல் 22)

மீன்பிடித் தடைக்காலத்தை ஒட்டித் தொடங்கியிருக்கும் ஊர் வரலாற்று உரைகளில் முதலாவதற்கு மகளோடு போயிருந்தேன். இந்தியாவின் முதல் அச்சுக்கூடம், முதல் தமிழ் நூல், முதல் புராட்டஸ்டண்ட் தேவாலயம் மூன்றும் தரங்கம்பாடியில்தான் என்று பேசியவர் அடுக்கினார். கூட்டம் கைதட்டியது. பத்தாம் வகுப்பு படிக்கும் மகளோ, முதல் தமிழ் நூல் கொல்லத்தில் அல்லவா அச்சானது என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். எது சரி?

ஏப்ரல் 22, இரவு

மகள் சொல்வதுதான் சரி. கைதட்டியவர்களில் நானும் ஒருவன். ஆனால் நான் தட்டியது, நின்றுபோயிருந்த மின்விசிறி மறுபடி சுற்றத் தொடங்கியதற்காக.

இந்தியாவுக்கு அச்சு இயந்திரம் வந்தது 1556-இல், கோவாவுக்கு. அதுவே அபிசீனியாவுக்குப் போக வேண்டிய இயந்திரம். வழியில் இங்கே தங்கிவிட்டது. தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் 1578 அக்டோபர் 20 அன்று வெளிவந்தது. பதினாறே பக்கம். 1586-இல் புன்னைக்காயலிலும் அச்சு வேலை நடந்தது. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் அதற்குப் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். தரங்கம்பாடிக்கு இயந்திரம் வந்து இறங்கியது 1712-இல்.

தேவாலயக் கதையும் அதே லட்சணம். நம் சீயோன் கோயில் 1701. சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயம் 1680. ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், கட்டடம் அங்கேயேதான் நிற்கிறது.

ஏப்ரல் 24

"சொந்த ஊரை மட்டம் தட்டுவதில் உங்களுக்கு என்ன சுகம்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஐயா, ஊருக்கு உண்மையாகவே ஒரு முதல் இருக்கிறது. புதிய ஏற்பாடு முழுவதும் இந்திய மொழி ஒன்றில் முதன்முறையாக அச்சேறியது இங்கே, தமிழில், 1715-இல். அதை யாரும் நம்மிடமிருந்து பறிக்க முடியாது. ஓர் அசல் இருக்கும்போது மூன்று போலியைக் கூடச் சேர்த்துக் கட்டினால், கேட்கிறவன் நான்கையும் சேர்த்தே தூக்கிப் போடுவான்.

எனக்குள்ள பெரிய மனக்குறை வேறு. 'முதல்' என்று சொன்னதும் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. எப்படி நடந்தது, யார் செய்தார்கள், காசு எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் மேலே போவதில்லை. அச்சு இயந்திரம் தானாக முளைத்ததுபோல் ஒரு பாவனை.

ஏப்ரல் 30

அச்சுக்கூடத்தைப் பற்றியே இரண்டாவது உரை. பேசியவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், இவர் நிதானமானவர். ஆனால் மணி ஏழானதும் நன்றியுரை சொல்ல ஒருவர் மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருந்தார். அவசர அவசரமாக முடித்தார்கள். விட்டுப்போனவற்றை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் சுவையே அங்கேதான் இருக்கிறது.

புராட்டஸ்டண்ட் பாதிரியார்கள் சீகன்பால்குவும் புளுட்சோவும் 1706 ஜூலையில் வந்து இறங்கினார்கள். அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக். வந்த இருவரும் ஜெர்மானியர்கள். ஊரை ஆண்ட டேனியக் கம்பெனிக்கு இவர்களைக் கட்டோடு பிடிக்கவில்லை. வியாபாரம் நடக்கும் இடத்தில் மதப் பேச்சு எதற்கு என்று தளபதி ஹாசியஸ் நினைத்தார். 1708-இல் சீகன்பால்குவைப் பிடித்துக் கோட்டைக்குள் அடைத்தார். நான்கு மாதம் உள்ளே இருந்தார். சிலை வைத்துக் கொண்டாடுகிற மனிதரை முதலில் பூட்டி வைத்தது அவரை அனுப்பிய அரசருடைய கொடி பறந்த கோட்டையில்தான்.

அச்சு இயந்திரத்தை அனுப்பியது லண்டனில் இருந்த ஓர் ஆங்கிலேயக் கிறித்தவச் சங்கம். கூடவே அதை ஓட்டத் தெரிந்த யோனாஸ் ஃபிங்க் என்ற இளைஞரையும் கப்பலேற்றினார்கள். பிரேசில் கரையோரம் பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். எப்படியோ மீண்டு புறப்பட்டால், நன்னம்பிக்கை முனை அருகே ஃபிங்க் காய்ச்சலில் இறந்துபோனார். இயந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது. ஓட்ட ஆளில்லை. தேடிப் பார்த்ததில் கம்பெனிச் சிப்பாய்களில் ஒருவருக்கு அச்சு வேலை தெரிந்திருந்தது. அவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். முதலில் அச்சானவை போர்த்துக்கீசிய மொழிப் பிரசுரங்கள், ஏனென்றால் தமிழ் எழுத்து இன்னும் வந்து சேரவில்லை.

தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்க்கப்பட்டு 1713-இல் வந்தன. இங்கிருந்து அனுப்பிய மாதிரியைப் பார்த்து, தமிழே தெரியாதவர்கள் வெட்டிய எழுத்துகள் அவை. பெரிது பெரிதாக இருந்தன. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் காகிதத்துக்கு எங்கே போவது? ஆட்லர் என்ற வார்ப்புக்காரர் இங்கேயே சின்ன எழுத்துகளை வார்க்கத் தொடங்கினார். ஈயம் வேண்டுமே? லண்டனிலிருந்து பாதிரியார்களுக்கு வந்த பாலாடைக்கட்டியைச் சுற்றியிருந்த ஈயத் தகட்டை உருக்கினார்கள்.

இந்த ஒரு செய்தியைச் சொல்லியிருந்தால் பின்வரிசையில் கைபேசி பார்த்துக்கொண்டிருந்த பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

மே 1

பாலாடைக்கட்டியைத் தின்றது யார் என்று கேட்ட நண்பருக்கு: பாதிரியார்கள்தான் தின்றிருக்க வேண்டும். லண்டனிலிருந்து தரங்கம்பாடி வெயிலுக்கு வந்து சேர்ந்த கட்டி எந்த நிலையில் இருந்திருக்கும் என்பதைத் தங்கள் கற்பனைக்கு விடுகிறேன்.

மே 2

பொறையாற்றுக்காரர்கள் சண்டைக்கு வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். காகிதத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க 1715 வாக்கில் ஆலை வைத்தது பொறையாற்றில். நீடிக்கவில்லை. கடுதாசிப்பட்டறை என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. நான் சிறுவனாக இருந்தபோது அந்தப் பக்கம் போய்வருவோம். பட்டறை என்றால் கொல்லுப்பட்டறை என்றுதான் நினைத்திருந்தேன்.

மே 7

மூன்றாவது உரை: 'டேனியர் வருகை.' கூட்டம் நிரம்பி வழிந்தது. விசைப்படகுகள் கரையில் நிற்பதால் மீனவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அதைக் கணக்குப் பண்ணித்தான் உரைகளை இந்த நாட்களில் வைத்திருக்கிறார்கள். ஏற்பாட்டாளர்கள் செய்த மிக நல்ல காரியம் இது.

உரை வழக்கம்போல 1620-இல் தொடங்கியது. தஞ்சை ரகுநாத நாயக்கர், டேனியக் கப்பல்களுக்குத் தலைமையேற்று வந்த ஓவ ஜெட்டே, தங்க ஏட்டில் தமிழில் எழுதிய ஓலை, அது இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருப்பது. எல்லாம் சரி. ஆனால் ஜெட்டே முதலில் இங்கே வரவில்லை, கண்டி அரசரைத் தேடி இலங்கைக்குப் போனார் என்பதைச் சொல்லவில்லை. கண்டி அரசர் உதவி கேட்கிறார் என்று டென்மார்க் அரசவையில் ஒருவர் அளந்துவிட்ட பேச்சை நம்பிப் போய், அங்கே காரியம் ஆகாமல், அதற்குப் பிறகுதான் தரங்கம்பாடி. முன்னால் வந்த கப்பலைக் காரைக்கால் கடலில் போர்த்துக்கீசியர் அழித்துவிட, தப்பிய ரோலண்ட் கிராப்பே என்ற டச்சுக்காரர் நாயக்கர் அரண்மனைக்குப் போய்ப் பேசிவைத்திருந்தார். ஆக, இந்த ஊரில் கோட்டை எழுந்தது ஒரு புளுகாலும் ஒரு கப்பல் சேதத்தாலும்.

கேள்வி நேரத்தில் வலை பின்னும் பெரியவர் ஒருவர் எழுந்தார். மாசிலாமணிநாதர் கோயிலை யார் கட்டியது, வெள்ளைக்காரன் வருவதற்கு எத்தனை காலம் முன்னால் என்று கேட்டார். 1305-ஐ ஒட்டி, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலம் என்று பதில் வந்தது. "அப்படியென்றால் அங்கிருந்தல்லவா தொடங்க வேண்டும், சார்?" என்றார். மேடையில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

மே 9

அந்தக் கேள்வி மண்டையைக் குடைகிறது.

முதலில் எனக்கும் கோபம்தான் வந்தது. கோயில் கல்வெட்டிலேயே ஊர்ப் பெயர் 'சடங்கன்பாடியான குலசேகரன்பட்டினம்' என்று இருக்கிறது. பட்டினம் என்று பெயர் சூட்டும் அளவுக்கு வணிகம் நடந்த துறை. ஜெட்டே வந்து பார்த்தது வெறும் மணல்மேடு அல்ல.

பிறகு யோசித்தால், பேசுகிறவர்களை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. டேனியர்கள் எழுதித் தள்ளினார்கள். கப்பல் சரக்கு, சம்பளம், சண்டை, சாவு எல்லாவற்றுக்கும் காகிதம் உண்டு. கோபன்ஹேகனிலும் ஹாலேயிலும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். 1305-க்கும் 1620-க்கும் இடையில் நமக்கு இருப்பது கொஞ்சம் கல். அந்தக் கல்லையும் கடல் தின்றுகொண்டே வந்திருக்கிறது. கோயிலின் முன்பகுதி போய்விட்டது. கடலோரம் கருங்கல் கொட்டித்தான் மிச்சத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். காகிதம் உள்ளவன் கதையை ஒரு மணி நேரம் பேசலாம். கல் உள்ளவன் கதை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஆனாலும் அந்தப் பத்து நிமிடத்தையாவது கொடுத்திருக்கலாம்.

மே 10

டேனியக் காகிதத்திலும் நல்ல கதைகள் இருக்க, அவற்றை ஏன் விடுகிறார்கள் என்பது இன்னொரு வயிற்றெரிச்சல். 1640-களின் நடுவிலிருந்து 1669 வரை டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. 1650-இல் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள், அந்தச் செய்தியாவது உரிய நேரத்தில் வந்து சேர்ந்ததோ என்னவோ. கோட்டையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போனார்கள். 1655 முதல் எஸ்கில் கோங்ஸ்பாக்க என்ற ஒற்றை டேனியர், பெரிய குடும்பமோ பதவியோ இல்லாத சாதாரண ஆள், உள்ளூர்க்காரர்களை வைத்துக்கொண்டு கோட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வங்கக் கடலில் கப்பல்களை மடக்கிக் காசு பார்த்தார், நாயக்கர் படை வந்தபோது சமாளித்தார், ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார்.

மதிலைக் கட்டியவர்கள் யார்? கப்பலோட்டியவர்கள் யார்? ஒற்றை வெள்ளைக்காரர் பதினான்கு ஆண்டு ஒரு கோட்டையை நடத்த வேண்டுமானால் மீதிப் பேர் அனைவரும் நம் ஆட்கள். இதற்கு ஓர் உரை வைக்கலாமே!

மே 15

இந்த வார உரை சுமார். வாசல் கதவு (1792), ஆளுநர் மாளிகை, ராஜ வீதி வீடுகள் என்று படம் காட்டினார்கள். பாதிப் படம் தலைகீழ்.

உரை முடிந்து வெளியே நடந்ததுதான் விசேஷம். சுண்டல் வாங்கிக்கொண்டு நின்றபோது, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் சட்டைப் பையிலிருந்து மாத்திரை டப்பா ஒன்றை எடுத்தார். உள்ளே பஞ்சு வைத்து ஒரு செப்புக் காசு. கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது, ஓரம் சீராக இல்லை, பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. எச்சில் தொட்டுத் துடைத்துக் காட்டினார். ஒரு பக்கம் கிரீடம், அதன் கீழே பின்னிக்கொண்ட எழுத்துகள். டென்மார்க் அரசரின் முத்திரை. மறுபக்கம் ரோமன் எழுத்தில் நான்கு, அடியில் 'காஸ்'. நம் காசைத்தான் அவர்கள் அப்படி எழுதிக்கொண்டார்கள். ஆண்டு தேய்ந்துபோயிருந்தது. புயல் அடித்து ஓய்ந்த காலையில் மணலைக் கிளறினால் கிடைக்கும் என்றார். அவர் அப்பாவும் பொறுக்கியிருக்கிறார், தாத்தாவும் பொறுக்கியிருக்கிறார்.

"என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். "வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் கேட்பார்கள். இதை மட்டும் கொடுக்கவில்லை" என்றார். ஏன் என்று சொல்லவில்லை, டப்பாவை மூடிவிட்டார்.

சுற்றி நின்று பார்த்தவர்கள் உள்ளே உட்கார்ந்து கேட்டவர்களைவிட அதிகம்.

மே 16

சட்டம் தெரிந்த ஒருவர் எழுதியிருக்கிறார்: மண்ணில் கிடைக்கும் புதையல் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் அரசிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதாம். இருக்கிறது. பத்து ரூபாய் என்ற வரம்பை 1878-இல் வைத்தார்கள், இன்று ஒரு பொட்டலம் சுண்டல் அதற்கு மேல். காசுக்காரரின் அடையாளத்தை நான் சொல்லப்போவதில்லை. கேட்டு யாரும் எழுத வேண்டாம்.

மே 22

ஓசோன். வேறு வழியில்லை, எழுதித்தான் ஆக வேண்டும்.

கேள்வி நேரத்தில் வெளியூர்க்காரர் ஒருவர், உலகத்திலேயே ஓசோன் அதிகமாக உள்ள கடற்கரை இதுதானே, அதைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்டார். மேடையிலிருந்து "ஆமாம், பெருமைக்குரிய விஷயம்" என்று பதில். மறுபடியும் 'முதல்'!

ஓசோன் வானத்தில் உயரே இருந்தால் நமக்குக் கவசம். மூக்குக்கு நேராக இருந்தால் அது மாசு. நுரையீரலை எரிக்கும், ஆஸ்துமா உள்ளவர்களைப் படுக்க வைக்கும். தரங்கம்பாடியில் உண்மையிலேயே உலகத்தில் அதிகமான ஓசோன் இருந்தால் சுற்றுலாத் துறை போர்டு வைக்கக் கூடாது, மருத்துவ முகாம் வைக்க வேண்டும். கடற்கரையில் வரும் அந்த வாடை கடலில் உள்ள நுண்ணுயிர்கள் வெளிவிடும் கந்தகச் சேர்மத்தால் வருவது. காற்று நன்றாக இருக்கிறது, அலை நன்றாக இருக்கிறது, வந்து உட்காருங்கள். போதாதா?

மே 23

"அப்படியென்றால் காலை நடைக்குப் போகலாமா, வேண்டாமா?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். போங்கள்.

மே 29

1845-க்குப் பிறகு ஊருக்கு என்ன ஆயிற்று என்று ஒருவழியாக ஓர் உரை. பேசியவர் இளம் பெண், கல்லூரி மாணவி. தொகுதியில் இதுதான் ஆகச் சிறந்தது என்பது என் கட்சி. 'முதல்' என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

டேனியர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து ஆங்கிலேயக் கம்பெனிக்குப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றார்கள். கொஞ்ச காலம் தஞ்சை மாவட்ட ஆட்சியர் இங்கே இருந்துதான் நிர்வாகம் செய்தார். 1860 வாக்கில் அதுவும் தஞ்சாவூருக்குப் போயிற்று. நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் சரக்கெல்லாம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. துறைமுகம் வெறும் கடற்கரை ஆனது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப் வேலை பார்த்தது இந்த ஊர் வழக்குமன்றத்தில் என்றதும் முன்வரிசையில் ஒரு வக்கீல் நிமிர்ந்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

பிறகு ரயில் கதை. மாயவரத்திலிருந்து மன்னம்பந்தல், செம்பொன்னார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு வழியாக மீட்டர் கேஜ் பாதை 1926-இல் வந்தது, 1986-இல் நிறுத்தினார்கள். அந்தப் பெண் நிலையப் பெயர்களை வரிசையாகச் சொல்லச் சொல்ல, நடுவயதுக்காரர்கள் கூடவே முணுமுணுத்தார்கள். ஆக்கூரை மறந்துவிட்டுத் திருக்கடையூருக்குத் தாவியபோது நான்கைந்து குரல் ஒரே நேரத்தில் "ஆக்கூர், ஆக்கூர்!" என்றது. அவர் சிரித்துவிட்டு, முதலிலிருந்து சொன்னார்.

மே 31

தில்லையாடி என்றதும் வள்ளியம்மையைப் பற்றிக் கேட்கிறார்கள். தாயின் ஊர் தில்லையாடி. அவர் பிறந்து வளர்ந்தது ஜோகன்னஸ்பர்க்கில். காந்தியின் போராட்டத்தில் சிறை சென்று, வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் பதினாறு வயதில் இறந்தார். மறு ஆண்டு காந்தி தில்லையாடிக்கு வந்தார். வள்ளியம்மை அந்த ஊரைக் கண்ணாலேயே பார்த்ததில்லை என்பது பலருக்கு அதிர்ச்சி. நினைவுமண்டபம் இருப்பதால் இங்கேதான் வாழ்ந்தார் என்று நினைத்துவிடுகிறோம். இதை அடுத்த ஆண்டு தனியாகப் பேச வேண்டும், ரயிலோடு ஒட்டுப்போடக் கூடாது.

ஜூன் 5

நேற்றுமுன்தினம் உரைக்குப் பிறகு ஏற்பாட்டாளர் ஒருவரோடு வாக்குவாதம். 2004 ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்டேன். "அது இன்னும் வரலாறு ஆகவில்லை, சார். பார்த்தவர்கள் இருக்கிறார்கள்" என்றார்.

அதனால்தானே பேச வேண்டும்! சுனாமிக்குப் பின் பிறந்த பிள்ளைகள் இப்போது வேலைக்குப் போகிறார்கள். குப்பத்தில் எந்த வீடு எங்கே இருந்தது, எந்தத் தெரு இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. கோட்டைக்கு என்ன சேதம் என்று வெளிநாட்டிலிருந்து வந்து அளந்து எழுதிவிட்டுப் போனார்கள். குப்பத்துக்கு அப்படி அளந்து எழுதிய காகிதம் எங்கே? 1305-க்கு நேர்ந்ததுதான் இதற்கும் நேரும்.

ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தபோது அவர் பக்கமும் கொஞ்சம் புரிந்தது. மைக்கை யார் கையில் கொடுப்பது? பிள்ளையைக் கொடுத்த தாயை மேடையேற்றி, ஏழு மணி ஆனதும் நன்றியுரைக்காரர் தொண்டையைக் கனைப்பாரா? மேடை, மாலை, சால்வை என்று வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. குப்பத்துப் பஞ்சாயத்தாரிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் இடத்தில், அவர்கள் சொல்லும் விதத்தில் செய்ய வேண்டும். ஒலிப்பதிவு மட்டும் போதும், பேச்சாளர் வேண்டாம்.

ஜூன் 7

மேலே எழுதியதைப் படித்துவிட்டு அந்த ஏற்பாட்டாளரே தொலைபேசியில் கூப்பிட்டார். பஞ்சாயத்தாரோடு பேசியிருக்கிறார்கள். வரைபடம் ஒன்று போடலாம், பழைய வீடுகளை நாங்களே குறித்துத் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். பெண்களிடம் கேட்டால்தான் வீடு சரியாக வரும், ஆண்களுக்குப் படகு நின்ற இடம்தான் ஞாபகம் இருக்கும் என்று அங்கே ஒரு பாட்டி சொன்னாராம்.

ஜூன் 17

தடை முடிந்து விசைப்படகுகள் போய்விட்டன. கடைசி உரைக்குக் கூட்டம் இல்லை. வந்தவர்கள் முன்வரிசைக்குக்கூடப் போதவில்லை. உரை நன்றாகவே இருந்தது, தாவரவியல் அறிஞர் லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768-இல் இங்கே வந்து செடி சேகரித்ததைப் பற்றி. இதை நடு மே மாதத்தில் வைத்திருக்க வேண்டும். தலைகீழ்ப் படக்காரரை இன்றைக்கு வைத்திருக்கலாம்.

அடுத்த ஆண்டுக்குத் தலைப்புகள் கேட்கிறார்கள். நான் கொடுத்தவை: மாசிலாமணிநாதர் கோயில் கல்வெட்டை, கோயில் வாசலிலேயே நின்று படிக்கும் ஒரு காலை. கோங்ஸ்பாக்கவின் கோட்டையில் வேலை செய்த தமிழர்கள். ரயில் பாதை, அதே மாணவி, இரண்டு மணி நேரம், நன்றியுரை இல்லாமல்.

ரயிலுக்கு அவருக்குச் சான்றுகள் தேவைப்படுகின்றன. பழைய அட்டை டிக்கெட், கால அட்டவணை, நிலையத்தில் எடுத்த கல்யாணப் படம், எது இருந்தாலும் சரி. காலை வண்டி தரங்கம்பாடியிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்பதில் இப்போதே இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. அதில் ஏறிப் பள்ளிக்கூடம் போனவர்கள் கீழே எழுதுங்கள். எந்த நிலையத்தில் ஏறினீர்கள் என்பதையும் சேர்த்து.